உள்ளங்காலுக்கு வைத்தியமாம்! உட்கார நாற்காலி எங்கே?

விழுப்புரம் நேருஜி சாலையிலோ, திண்டிவனம் கடைவீதியிலோ ஒரு ஜவுளிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் உட்கார நாற்காலி போட்டிருக்கும். துணி எடுத்துப் போடும் பெண்ணுக்கு? காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கதவு சாத்தும் வரை நிற்க வேண்டியதுதான். தீபாவளி சமயமானால் இரவு எத்தனை மணி ஆகும் என்று சொல்லவே முடியாது. கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேரும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். கெண்டைக்கால் முறுக்கி இழுக்கும்.

இந்தப் பெண்ணுக்கு இன்று நாலா பக்கமும் உபதேசம் நடக்கிறது. "மென்மையான யோகாசனம் செய்யுங்கள்! மூச்சைக் கவனித்து விடுங்கள்! உள்ளங்காலில் இந்த இடத்தை அழுத்தினால் ஈரல் சீராகும், அந்த இடத்தை அழுத்தினால் தலைவலி பறக்கும்!" செல்போனைத் திறந்தால் இதே பேச்சு. ஜூன் 21 வந்துவிட்டால் சர்க்கார் மேடையிலும் யோகப் பேச்சுதான்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: காலை வலிக்க வைத்தது எது? அதைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

யோகத்தோடு நமக்குச் சண்டையில்லை

தவறாக எண்ண வேண்டாம். உடம்பை வளைத்து நிமிர்த்துவதும், நிதானமாக மூச்சு விடுவதும் நல்ல பழக்கங்கள். மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ரத்த அழுத்தமும் ஓரளவு குறைகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரையை நாடுமுன் செய்து பார்க்க வேண்டியவற்றில் யோகத்தையும் 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி சேர்த்தது. உழைக்கும் மக்களுக்கு இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் வேண்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் எந்த நேரத்தில் ஆசனம் போடுவாள்? அதற்கு முதலில் ஓய்வு வேண்டாமா?

உள்ளங்கால் 'வரைபடம்' வேறு விஷயம். கீழ்த்திசை ஞானிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் அருளியது என்று விளம்பரம் செய்கிறார்கள். இன்று புழங்கும் முறையின் பூர்வீகம் அவ்வளவு பழையதல்ல. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க டாக்டர், உடம்பைப் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917-ல் ஒரு புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கப் பெண்மணி அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளங்காலில் ஒரு புள்ளியையும் ஈரலையும் இணைக்கும் தனிப் பாதை எதையும் உடற்கூறு விஞ்ஞானம் கண்டதில்லை. இதனால் எந்த வியாதியும் குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே சோதனைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காலைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், உண்மைதான். பாட்டி நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டாலும் அதே சுகம்தான். அதற்குக் கட்டணம் கிடையாது.

கால் ஏன் வீங்குகிறது? காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை இயங்கி அதைத் தள்ள வேண்டும். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சிறு அடைப்பான்கள் அது திரும்பிக் கீழே இறங்காமல் தடுக்கின்றன. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் தசை இயங்குவதில்லை. ரத்தம் கீழே தேங்குகிறது. நாளடைவில் அடைப்பான்கள் தளர்ந்து நரம்பு சுருண்டு புடைக்கிறது. இதைத் தடுக்க எந்தப் புள்ளியையும் அழுத்த வேண்டாம். இடையிடையே உட்கார வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும். அதாவது, வேண்டியது ஒரு நாற்காலி!

நாற்காலிக்கும் சட்டம் இருக்கிறது

கடைப் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. கேரளத்தில் கோழிக்கோடு கடைத்தெருப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடிய பிறகு 2018-ல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம்.

சட்டம் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெண்கள் கடையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்! ஸ்டூல் போட்டிருக்கும் கடையிலும் அதில் உட்காரத் துணிச்சல் வேண்டும். உட்கார்ந்தவள் சோம்பேறி என்று பெயர் வாங்குவாள். யோக தினத்துக்கு மைதானமும் பாயும் ஏற்பாடு செய்யும் அதிகாரிகள், ஒரு நாளாவது கடைவீதியில் இறங்கி நாற்காலிகளை எண்ணட்டும்.

ஒரே வட்டத்தில் இரண்டு மூச்சு

இனி, மூச்சு விஷயத்துக்கு வருவோம். திண்டிவனத்துக்குத் தெற்கே வானூர் வட்டம். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதி இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. யோகமும் தியானமும் நாடி தூரதேசத்திலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள். அமைதியான மரநிழலில் அமர்ந்து மூச்சைக் கவனிக்கிறார்கள். செய்யட்டும், அவர்களை நாம் குறை கூறவில்லை.

கல்மரங்களுக்குப் பெயர்போன திருவக்கரையும் இதே வானூர் வட்டம்தான். அந்தப் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் கல்லுடைக்கும் தொழிலாளியும் மூச்சு விடுகிறான். அவன் மூச்சோடு உள்ளே போவது கல் தூசி. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் நுரையீரலின் அடி வரை போய்த் தங்குகிறது. அங்கே தழும்பு விழுகிறது, நுரையீரல் இறுகுகிறது. சிலிகோசிஸ் என்பது இதுதான். வந்துவிட்டால் குணமாக்க மருந்தில்லை. காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். இந்த நோய் கண்டால் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே பட்டியல் போட்டது.

அந்தத் தொழிலாளிக்கு என்ன மூச்சுப் பயிற்சி சொல்லப் போகிறீர்கள், கனவான்களே? தூசிக்கு நடுவில் ஆழமாக மூச்சிழுத்தால் தூசியும் ஆழமாகத்தான் போகும்! துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும். கிரஷரை மூடி வைத்தால் தூசி பரவாது. தக்க முகமூடியும், காலாகாலத்தில் எக்ஸ்ரேயும் இருந்தால் நோயை முன்கூட்டியே காணலாம். இதற்கெல்லாம் பணம் செலவாகும். உபதேசத்துக்குச் செலவில்லை. அதனால்தான் உபதேசம் தாராளமாகக் கிடைக்கிறது.

பெட்டிக்குள் தியானம்

இது நம் ஊர் விஷயம் மட்டுமா? அமெரிக்காவில் ஜான் கபட்-ஸின் என்பவர் 1979-ல் ஓர் ஆஸ்பத்திரியில், தீராத வலியால் அவதிப்பட்ட நோயாளிகளுக்காகத் தியானப் பயிற்சி ஆரம்பித்தார். நல்ல எண்ணம். அது முதலாளிமார் கைக்குப் போனதும் என்ன ஆயிற்று? 2021 மே மாதம் அமேசான் கம்பெனி தன் கிடங்குகளில் ஒரு பெட்டி வைப்பதாக அறிவித்தது. ஓய்ச்சல் ஒழிவின்றி வேலை வாங்கப்படும் தொழிலாளி அந்தப் பெட்டிக்குள் போய் மன அமைதிப் படம் பார்க்க வேண்டுமாம்! உலகமே சிரித்தது. கம்பெனி தன் விளம்பரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது.

இங்கேயும் கதை வேறல்ல. சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923-ல். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. மூச்சுப் பயிற்சியால் வாபஸ் ஆகவில்லை. ஒன்றுபட்ட குரலால் ஆயிற்று!

டெல்லி ராஜபாதையில் 2015 ஜூன் 21-ல் 35,985 பேர் ஆசனம் செய்து உலக சாதனை படைத்தார்கள். தலைகளைத் துல்லியமாக எண்ணிய அதே மத்திய சர்க்கார், மக்கள் சுகாதாரத்துக்கு 2025-க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் செலவாகும் என்று 2017-ஆம் ஆண்டின் சுகாதாரக் கொள்கையில் வாக்களித்தது. 2025 வந்தது, போனது. வாக்கு நிறைவேறவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. விழுப்புரம், திண்டிவனம் கடைகளில் 2021-ஆம் வருஷத் திருத்தத்தை உடனே அமல் நடத்து! குவாரிகளில் தூசியை அடக்கு. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மூலம் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடு! எட்டு மணி நேர வேலையில் கை வைக்காதே! யோகா கற்றுக்கொடுப்பதானால் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, இலவசமாகக் கற்றுக்கொடு!

கடையில் நிற்கும் சகோதரிகளே! காலைப் பிடித்துவிட ஆள் தேட வேண்டாம். முதலாளியின் காலைப் பிடிக்கவும் வேண்டாம். சட்டம் உங்களுக்குத் தந்த நாற்காலியைச் சேர்ந்து நின்று கேளுங்கள். அது வந்த பிறகு, நிம்மதியாக உட்கார்ந்து, ஆற அமர மூச்சு விடலாம்.