407: வாசலில் நிறுத்தப்படும் மென்பொருள்

பிரிக்பீல்ட்ஸில் நடந்து பழகியவர்களுக்கு நடைபாதைகளில் பதித்திருக்கும் மேட்டுக் கற்கள் தெரிந்திருக்கும். வெள்ளைக் கோலுடன் வருபவர்களுக்கு வழி காட்டுவதற்காகவே அவை பதிக்கப்பட்டன. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான், ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. சாலையில் கல் பதித்து வழி விட்டோம். கணினியில் என்ன செய்திருக்கிறோம்?

கணினியில் அந்த மேட்டுக் கல்லின் வேலையைச் செய்வது திரை வாசிப்பான் எனப்படும் மென்பொருள். திரையில் உள்ள எழுத்தையும் பொத்தானையும் பட்டியலையும் அது குரலாக்கிச் சொல்லும். அது இல்லாவிட்டால், பார்வையற்ற மாணவருக்குக் கணினி என்பது விசைப்பலகை பொருத்திய ஓர் ஊமைப் பெட்டி. விலைக்கு விற்கப்படும் திரை வாசிப்பான்கள் உண்டு. அவற்றின் நிரந்தர உரிமம் சில ஆயிரம் ரிங்கிட் வரை போகும். அதனால்தான் 2006-இல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர், தாமே பார்வையற்றவர், என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரை வாசிப்பானை எழுதத் தொடங்கினார். இன்னொரு பார்வையற்ற நிரலாளரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். அது திறமூல மென்பொருள். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப் பொறி தமிழும் பேசும். கேட்க இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன், சுத்த இயந்திரக் குரல்தான். ஆனாலும் தமிழ் வாக்கியத்தை முழுதாக வாசித்து முடித்துவிடும்.

ஆக, பணத் தடை நீங்கிவிட்டது. இனிமேல்தான் இன்னொரு தடை வருகிறது. பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள கணினியில் இதை நிறுவப் போனால், இணையத்தின் வாசலில் ஒரு பிராக்ஸி சேவையகம் நின்றுகொண்டு பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது.

கொண்டோமினியம் வாசலில் உள்ள பாதுகாவலர் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வருபவர் மைகார்டைக் காட்டி, பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பிராக்ஸியும் அப்படியே, ஆனால் திசை நேர்மாறு: உள்ளே இருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் நிறுத்தி, "நீ யார்?" என்று கேட்கிறது. உலாவியில் என்றால் ஒரு சிறு சாளரம் திறக்கும், நீங்கள் தட்டச்சு செய்வீர்கள், வேலை முடிந்தது. மென்பொருள் நிறுவும் கருவிகளில் பல அப்படிச் சாளரம் திறக்கத் தெரியாதவை. பின்னணியில் ஓடும் அவை, கார்டு காட்டத் தெரியாத பொட்டல விநியோகஸ்தர் போல, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடும். திரையில் 407 என்ற எண் மட்டும் மிஞ்சும்.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். 401 என்றால் நீங்கள் போய்ச் சேர்ந்த இணையதளமே அடையாளம் கேட்கிறது. 403 என்றால் அடையாளம் தெரிந்தாலும் விட மாட்டேன் என்கிறது. 407 என்றால் இணையதளம் வரை நீங்கள் போகவே இல்லை; இடையில் நிற்கும் பிராக்ஸிதான் கேட்கிறது. "அந்தத் தளம் படுத்துவிட்டது, சார்" என்று ஆசிரியரிடம் சொல்லும் மாணவர்கள் பலர் உண்மையில் பார்த்தது 407-ஆக இருக்கலாம். தளத்தின் மேல் எந்தப் பிழையும் இல்லை.

சரி, கருவிக்கு அடையாளத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாதா? முடியும். பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், பிறகு '@' குறி, பிறகு பிராக்ஸியின் முகவரி, வாயில் எண் என்று ஒரே வரியில் எழுதி, அதை இயங்குதளத்தின் சூழல் மாறியாக அமைத்துவிட்டால், லினக்ஸில் உள்ள பெரும்பாலான கருவிகள் அதைப் படித்துக்கொள்ளும். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. உங்கள் கடவுச்சொல்லிலேயே '@' இருந்தால், கடவுச்சொல் எங்கே முடிந்து முகவரி எங்கே தொடங்குகிறது என்று கருவி குழம்பிவிடும். அப்போது '@' குறிக்குப் பதில் %40 என்று எழுத வேண்டும். ஏன் 40? கணினியின் எழுத்து அட்டவணையில் '@' குறியின் எண் 64. அதைப் பதினாறடிமான எண்ணாக எழுதினால் 40. அதேபோல் '#' குறியின் எண் 35, பதினாறடிமானத்தில் 23, ஆகவே %23. கணிதப் பாடத்தில் எண் அடிமானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு பதில்.

இரண்டாவது பொறி: உங்கள் கணக்கில் அமைத்த சூழல் மாறி, நிர்வாகி உரிமையுடன் கட்டளையை ஓட்டும்போது பெரும்பாலும் கூடவே போகாது. எல்லாவற்றையும் சரியாக எழுதியும் மறுபடி 407 வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். சில அலுவலகங்களின் பிராக்ஸி, மைக்ரோசாப்டின் என்.டி.எல்.எம். முறையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும். அந்த மொழி பல திறமூலக் கருவிகளுக்குத் தெரியாது. அவற்றின் சார்பில் பேசுவதற்கென்றே சின்டிஎல்எம் என்ற சிறு மொழிபெயர்ப்பாளர் மென்பொருள் ஒன்று இருக்கிறது. (திறமூல மென்பொருளை வாசலில் நிறுத்தும் காவலரே பல இடங்களில் 1996-இல் வெளிவந்த ஸ்க்விட் என்ற திறமூல மென்பொருள்தான் என்பது தனி வேடிக்கை.)

இவ்வளவும் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஒவ்வொரு மாணவரும் இப்படித்தான் மென்பொருள் நிறுவ வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. காரணம், அந்த ஒற்றை வரியில் கடவுச்சொல் அப்பட்டமாகக் கிடக்கிறது. தட்டச்சு செய்த கட்டளைகளைக் கணினி ஒரு கோப்பில் நினைவு வைத்திருக்கும். அடுத்து உட்காருபவர் மேல்நோக்கிய அம்புக்குறியைச் சில முறை தட்டினால் போதும், பார்த்துவிடலாம். கம்பியில் போகும்போதும் நிலைமை பெரிதாக மேம்படுவதில்லை. அடிப்படை அங்கீகாரம் எனப்படும் எளிய முறையில் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 என்ற வடிவத்தில் மாற்றி அனுப்பப்படுகின்றன. பார்க்க ரகசிய எழுத்துப் போலத் தோன்றும். ஆனால் அது பூட்டு அல்ல, வேறு எழுத்தில் எழுதியது மட்டுமே. யாரும் ஒரு நொடியில் திருப்பி எழுதிவிடலாம். கணினிக் கூடத்தில் அவசரத்துக்கு ஆசிரியர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நிறுவச் சொன்னால், அந்தக் கணினி மாறும் நாள் வரை அது அங்கேயே தங்கிவிடக்கூடும்.

இன்னொரு குறுக்கு வழியையும் மாணவர்கள் அறிவார்கள்: இலவச வி.பி.என். செயலி. அதை நான் இன்னும் வன்மையாக எதிர்க்கிறேன். பள்ளியின் காவலரை ஏமாற்றிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்திடம் உங்கள் போக்குவரத்து முழுவதையும் ஒப்படைக்கும் காரியம் அது.

பிராக்ஸியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதின்ம வயதினர் நூற்றுக்கணக்கில் பயன்படுத்தும் இணைப்புக்கு ஒரு வாசல் தேவைதான். அந்த வாசலில் மென்பொருளுக்கென்று ஒரு முறையான தடம் இல்லை என்பதே என் குறை. அந்தத் தடம் போடுவது கடினமான வேலையும் அல்ல. ஸ்க்விட் போன்ற பிராக்ஸியில், குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் அடையாளம் கேட்காமல் விடும்படி விதி எழுத முடியும். டெபியன், உபுண்டு, பைத்தான் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ களஞ்சியங்களையும் என்.வி.டி.ஏ. தளத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் யாருடைய ஒழுக்கமும் கெட்டுவிடாது.

அதைவிடச் சிறந்தது, பள்ளிக்குள்ளேயே ஒரு சேமிப்பகம் வைப்பது. பழைய கணினி ஒன்றும் ஒரு வன்தட்டும் போதும். 30 கணினிகள் உள்ள கூடத்தில், 500 மெகாபைட் அளவுள்ள மென்பொருளை ஒவ்வொன்றும் தனித்தனியே இறக்கினால் 15 ஜிகாபைட் வெளியிலிருந்து வரவேண்டும். இடையில் சேமிப்பகம் இருந்தால் அதே 500 மெகாபைட் ஒரே முறை வந்தால் போதும், மீதி 29 கணினிகளும் உள்ளேயே பெற்றுக்கொள்ளும். பிராக்ஸிக்கான கடவுச்சொல்லும் அந்த ஒரு கணினியில், நிர்வாகி மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் இருக்கும். மாணவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

"உள்ளே வைத்திருக்கும் பிரதியில் யாராவது கைவைத்துவிட்டால்?" என்று கேட்பது நியாயம். டெபியன் 2023 ஜூனில் வெளியிட்ட 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஷா-256 என்ற முறையில் கணக்கிட்ட கைரேகை போன்ற எண் பட்டியலில் உண்டு. பட்டியலுக்கு மறைகுறியீட்டுக் கையொப்பமும் உண்டு. தொகுப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை பொருந்தாது, கணினி நிறுவ மறுத்துவிடும். அதனால் தொகுப்பு எந்த வழியாக வந்தது என்பது முக்கியமல்ல. நேரடியாக வந்தாலும், சேமிப்பகம் வழியாக வந்தாலும், பென் டிரைவில் வந்தாலும் சோதனை ஒன்றுதான்.

கேரளப் பள்ளிகள் இன்னொரு வழியில் போயின. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பின்னர் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை முன்கூட்டியே சேர்த்த இயங்குதளத்தையே அது பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. நிறுவியே வந்துவிட்டால் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. நம் நாட்டிலும் மலேசியப் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மம்பு 2004-இலேயே வெளியிட்டது. அலுவலகங்களுக்குப் பொருந்திய அந்தச் சிந்தனை கணினிக் கூடங்களுக்கும் பொருந்தும்.

இனி என்.வி.டி.ஏ.வுக்குத் திரும்புவோம். அதற்கு ஒரு தனி வசதி உண்டு: நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடும் பிரதியை உருவாக்கலாம். இணைப்பும் வேண்டாம், நிர்வாகி உரிமையும் வேண்டாம். "அப்புறம் எதற்கு இத்தனை பேச்சு?" என்று கேட்பீர்கள். அந்தப் பிரதிக்கு எல்லை இருக்கிறது. கணினியின் நுழைவுத் திரையை அது வாசிக்காது. நிர்வாகி உரிமையுடன் ஓடும் சாளரங்களையும் வாசிக்காது. பார்வையற்ற மாணவர் தம் கணக்கில் நுழையும் முதல் நிமிடத்திலேயே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டிவரும். விண்டோஸுடன் வரும் நேரேட்டர் அந்த இடத்தில் கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு கருவியில் விரல் பழகியவரைப் பள்ளியில் வேறொன்றுக்கு மாறச் சொல்வது, வலக்கையால் எழுதுபவரைத் தேர்வன்று இடக்கையால் எழுதச் சொல்வதைப் போன்றது. முழுதாக நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் பள்ளியில் இப்படியொரு தேவை இருந்தால், கணினிக் கூடப் பொறுப்பாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்பதைவிட ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், அதிகாரப்பூர்வ முகவரி, உரிமத்தின் வகை, யாருக்கு எதற்காக வேண்டும் என்பன அதில் இருக்கட்டும். வந்த பிழை எண் 407-ஆ 403-ஆ என்பதையும் குறியுங்கள். தொழில்நுட்பருக்கு அதுவே பாதி வேலையைக் குறைக்கும். கோப்பு ஏற்கெனவே பென் டிரைவில் இருந்தால், விண்டோஸில் அதன் பண்புகளைத் திறந்து, மின்னிலக்கக் கையொப்பம் என்.வி. ஆக்சஸ் பெயரில் இருக்கிறதா என்று ஆசிரியர் முன்னிலையிலேயே பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு வேறு பிரதி கேளுங்கள்.