தம்புள்ஸுக்கு முன்னால் போர்டு

பொம்மிடியில் இருக்கும் என் சொந்தபந்தங்களுக்கும் ரயிலடித் தம்பிகளுக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து வணக்கம்.

போன வாரம் தம்பிகள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மொட்டை மாடியில் ஷெட் போட்டு உடற்பயிற்சிக்கூடம் ஆரம்பிக்கிறீர்கள். பெஞ்ச், தம்புள்ஸ், சைக்கிள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. பின்னால் சேர்வராயன் மலை. மனசு நிறைந்துபோனது. கேமரா மேலே திரும்பியபோதுதான் திக்கென்றது. வெயில் இறங்காமல் இருக்கத் தகரத்துக்கு அடியில் மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சைக் கம்பிவலையில் தாங்கி, மூடாமல் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

நம் வீட்டுப் பரணில் புளிப்பானையும் பித்தளை அண்டாவும் இருக்கும். இங்கே ஓட்டுக்கும் மேல்மாடி அறைக்கும் நடுவில், ஆள் குனிந்து நடக்கிற அளவுக்குப் பரண் உண்டு. குளிருக்காக அதன் தரை முழுக்கக் கண்ணாடிப் பஞ்சு விரிப்பார்கள். 270 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்பது இன்றைய கணக்கு. வீட்டில் வேறு இடம் இல்லாததால், மூன்று வருடத்துக்கு முன் அங்கேதான் குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டுப் பழைய சைக்கிள் ஒன்றை ஏற்றினேன்.

முதல் வாரமே முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிப்பு. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். ராத்திரியில் வறட்டு இருமல். ஒருநாள் மிதித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகை அதிர அதிர, வெளிச்சத்தில் பஞ்சுத் தூள் மயிரிழை ஊசிகளாக மின்னி மிதந்துகொண்டிருந்தது. என் பனியனோடு சேர்த்துத் துவைத்த மகளின் கவுனிலும் அது ஏறியிருக்கிறது. இரண்டு நாள் சொறிந்து சொறிந்து அழுதாள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இலவம்பஞ்சு அடிக்கிறவர் மூக்கில் துண்டு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். இதுவோ மரத்தில் காய்த்த பஞ்சுகூட இல்லை, கண்ணாடியை உருக்கி நூலாக்கியது. அரிப்புக்குக் காரணம் விஷம் இல்லை, நூல்முனை தோலில் குத்துவதுதான். புற்றுநோய் வருமா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் இதை மறுபடி ஆராய்ந்து, புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாதவற்றோடு சேர்த்தது. பீதி வேண்டாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறார். மூச்சு வாங்கப் பயிற்சி செய்கிறவருக்கு அது 60 லிட்டரையும் தாண்டும், அதுவும் வாய் வழியாக. மூக்கு வடிகட்டுகிற வேலையே அங்கே நடக்காது. ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிற பிள்ளை உங்களில் ஒருவனாவது இருப்பான்.

நான் சைக்கிளைக் கீழே இறக்கிவிட்டேன். நீங்கள் இறக்க வேண்டியதில்லை. பஞ்சுக்கு அடியில் ஜிப்சம் போர்டோ பிளைவுட்டோ அடித்து, இடுக்குகளை டேப் ஒட்டி அடையுங்கள். பஞ்சை அமுக்கித் திணிக்காதீர்கள். அதற்குள் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. வேலை செய்கிறவருக்கு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கொடுங்கள். கீழே உதிர்ந்ததைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அரித்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அன்றைய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

இன்னொன்று என்னை இதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. ஷெட்டின் பின்பாதியில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தெரிகிறது, அதில் டிரில் போட்டு மின்விசிறிக்குக் கொக்கி மாட்டப்போவதாகத் தம்பி ஒருவன் சொன்னான். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல்நார்த் தூள் நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படும். இங்கிலாந்தில் 1999இல் அதை முழுவதும் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் அந்த ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது. துளை போடாமல், சுரண்டாமல், உடைக்காமல் அப்படியே விடுங்கள். விசிறியை இரும்புத் தூணில் மாட்டிக்கொள்ளலாம்.

என் பங்குப் பணம் இந்த வாரம் வந்துசேரும். டிரெட்மில் அப்புறம் வாங்கலாம், முதலில் போர்டு வாங்குங்கள். அந்த வேலை முடியும்வரை சின்னப் பிள்ளைகளை மேலே விடாதீர்கள். தண்டாலும் பஸ்கியும் அதுவரை வெட்டவெளி மாடியில் நடக்கட்டும். எங்கள் தாத்தாவின் கர்லாக்கட்டை வீட்டுப் பரணில், புளிப்பானைக்குப் பின்னால் கிடக்கிறது. அம்மாவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் வருகிறேன்.