சட்டம் மட்டும் போதுமா?

காலம் மாறிவிட்டது என்று பலரும் பெருமூச்சு விடுகின்றனர். காலம் தானாக மாறியதாக வரலாறு இல்லை. யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டுமானம் சென்ற நூறாண்டில் எவ்வளவு தளர்ந்தது, எதனால் தளர்ந்தது என்பதை நாம் நடுநிலை நின்று ஆராய்தல் வேண்டும். நமது இன்றைய கடமை யாதென அவ்வாராய்ச்சியே காட்டும்.

1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் வயதுவந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே அத்திட்டத்தை எதிர்த்திருந்தனர். ஆயினும், குடிமை என ஒதுக்கப்பட்டவரின் படலையிற் சென்று வாக்குக் கேட்கும் நிலை மேட்டுக்குடியினர்க்கு உண்டாயிற்று. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கூலியாளின் பிள்ளைக்கும் பல்கலைக்கழகம்வரை வழி திறந்தது.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பேரால் ஒருவரைக் கடையிலோ பாடசாலையிலோ கோவிலிலோ தடுத்தல் குற்றமென விதித்தது. சட்டம் ஏட்டில் ஏறியது. தேநீர்க் கடைகளில் சிலருக்கு வேறு பாத்திரம் நீட்டும் வழக்கமோ ஒழியவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. தேநீர்க் கடைப் போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. அதன் பின்னரே பல கதவுகள் திறந்தன.

ஏன் இத்தனை தாமதம்? சட்டம் பயின்றோர் விடையை அறிவர். முறைப்பாட்டுக்குச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவன் எதிரியின் காணியிலே குடியிருந்து, அவனது தோட்டத்திலே கூலி பெற்று வாழ்ந்தால், நீதிமன்றப் படியை எவ்வாறு மிதிப்பான்? கல்வியும் சொந்தத் தொழிலும் அச்சத்தைப் போக்கின; அச்சம் நீங்கியவர்கள் திரண்டெழுந்தனர்; அவர்கள் எழுந்தபோதே சட்டத்துக்கு உயிர் வந்தது. சமுதாயம் மாறும் வழி இதுவே.

இன்னுமோர் உண்மையை நாம் மறைத்தலாகாது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நம்மை இரண்டாந்தரப் பிரசைகளாக்கியது என முழங்கினோம். அம்முழக்கம் நியாயமானதே. அதே வேளையில் நம்மவருள் ஒரு பகுதியினரை நாமே வாசலில் நிறுத்தியிருந்தோம்.

அது பழங்கதை என்பார் உளர். 2018 இல் தென்மராட்சிக் கோவிலொன்றில் தேரிழுக்க மண் அகழும் இயந்திரம் கொண்டுவரப்பட்டது. எல்லாச் சாதியினரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு என்ற குற்றச்சாட்டு எழுந்து, தமிழுலகெங்கும் நாம் தலைகுனிந்தோம்.

ஆகவே நாம் செய்யவேண்டியது யாது? காணி விற்கும் விவசாயி, வாங்குபவரின் சாதியைக் கேளாதிருக்கலாம். வைத்தியரும் ஆசிரியரும் தத்தம் ஊர்க் கோவிற் பரிபாலன சபையில் அனைவர்க்கும் இடம் வேண்டுமெனக் கேட்கலாம். சட்டத்தரணிகள் ஏழையின் முறைப்பாட்டைக் கட்டணமின்றி ஏற்று நடத்தலாம். இவற்றுக்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை.

பிறரிடம் சமத்துவம் கேட்கும் இனம் அதைத் தன் முற்றத்தில் மறுக்குமாயின், அதன் கோரிக்கைக்கு உலகம் எவ்வாறு செவிசாய்க்கும்? வாசலில் நிற்பவர் நம் உடன்பிறப்பு. அவரை உள்ளே அழைப்போம்.