அலகு எழுதாத விடை



"விடை சரிதானே சார், அலகு எழுதாததற்கு ஒரு மதிப்பெண் குறைக்கலாமா?" என்று ஆண்டுதோறும் என் மாணவர் யாரேனும் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் நிகழ்ச்சி இது.

1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா, 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. கலத்தைக் கட்டிய குழு கொலராடோவில் இருந்தது; வழி கணக்கிட்ட குழு கலிபோர்னியாவில். கலத்தின் சிறு உந்திகள் தரும் கணத்தாக்கை முதல் குழுவின் மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் கொடுத்தது. மற்றவர்கள் அதை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு-விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன் அல்லவா? ஒன்பது மாதப் பயணத்தில் சிறு சிறு பிழைகள் சேர்ந்தன. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கி.மீ. உயரத்தில் செல்ல வேண்டிய கலம் சுமார் 57 கி.மீ. வரை தாழ்ந்தது. 1999 செப்டம்பர் 23 அன்று அதை இழந்தோம்.

இடையில் ஐயம் எழாமல் இல்லை. வழி கணக்கிட்டவர்கள் மின்னஞ்சலில் அதைத் தெரிவித்தார்கள். ஆனால் அது முறையான குறையாகப் பதிவாகவில்லை.

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி, 'அஜைல்' முறைக்கான அறிக்கையை எழுதினார்கள். பெரிய வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இயக்கிக் காட்டித் திருத்திக்கொள்வதே அதன் சாரம். நேருக்கு நேர் பேசுவதே சிறந்தது என்றும் அது கூறுகிறது. ஆகவே, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குழுக்களுக்கு அது ஒத்துவராது என்பார் உண்டு.

நான் அப்படிக் கருதவில்லை. சென்னையில் வேலை முடியும் வேளையில் நியூயார்க்கில் பொழுது விடிகிறது. இத்தகைய குழுக்களுக்கே அடிக்கடி இணைத்துப் பார்ப்பது அதிகம் தேவை. அருகில் இருப்பவரின் குழப்பம் முகத்தில் தெரிந்துவிடும். தொலைவில் இருப்பவரின் குழப்பத்தைச் சோதனைதான் காட்டும். விடை தெரிந்த ஒரு கணக்கை இரு குழுக்களின் மென்பொருளிலும் தொடர்ந்து ஓட்டியிருந்தால், அந்தப் பிழை தரையிலேயே அகப்பட்டிருக்கும். பேச்சில் எழும் ஐயத்தை எழுத்தில் பதித்து, தீரும்வரை விடாதிருப்பதும் அவசியம்.

அறிவியல் கண்காட்சிக்கு நால்வர் நான்கு வீடுகளில் மாதிரி செய்கிறீர்களா? முந்தின நாள் மாலைவரை காத்திராதீர்கள். வாரம் ஒருமுறை பாகங்களைப் பொருத்திப் பாருங்கள். அளவுகளை அலகோடு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மதிப்பெண்ணை நான் இனியும் குறைக்கத்தான் போகிறேன்.