கத்தி எழுதிய மறுப்புரை

கோவை உக்கடத்தில் 2017 மார்ச் 16 இரவு ஃபாரூக் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. பழைய இரும்பு வணிகம் செய்து வந்தவர்; மனைவியும் இரு குழந்தைகளும் உடையவர். திராவிடர் விடுதலைக் கழகத்தில் சேர்ந்து, கடவுள் இல்லை என்றும், தாம் பிறந்த மார்க்கத்தைக் குறைகூறியும் வெளிப்படையாக எழுதி வந்தார். கொலை தொடர்பாகப் பிடிபட்டவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள்.

ஆண்டுகள் பல சென்றபின் இதனைக் கிளறுவானேன் என்று கேட்கும் அன்பர்கள் ஒருமுறை கருமத்தம்பட்டிக்கு வந்து பார்க்கட்டும். விசைத்தறி ஓசைக்கும் மாதா கோவிலுக்கும் பெயர்பெற்ற ஊர் இது. நாம் இங்கே சிறு தொகையினர். அவிநாசிச் சாலைப் பேக்கரியில் தேநீர்க் குவளையோடு நின்று, இஸ்லாத்தின் மீது சுமத்தப்படும் பழிகளுள் ஒன்றை நாம் மறுக்கப் புகுந்தால், எதிரே நிற்பவர் நீண்ட வாதம் எதுவும் செய்வதில்லை. “அப்புறம் எதுக்குங்க ஃபாரூக்கை வெட்டுனாங்க?” என்கிறார். நம் பேச்சு அத்தோடு நின்றுபோகிறது.

1997 இறுதிக் கலவரத்தில் கோவை முஸ்லிம்கள் 18 பேர் மாண்டதையும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பறிபோனதையும் எதிரெதிராக வைத்துக் கணக்குப் பார்ப்போர் இரு பக்கமும் உண்டு. அந்தக் கணக்கில் ஃபாரூக்கைச் சேர்க்க இடமே இல்லை. அவர் கொல்லப்பட்டது எழுத்துக்காக.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்துக் குறைஷியர் எவ்வாறெல்லாம் ஏசினர் என்பதை நாம் எதனால் அறிகிறோம்? பகைவர் எழுதிவைத்த ஏட்டாலா? இல்லை. பைத்தியக்காரர், சூனியக்காரர், கவிஞர், இட்டுக்கட்டுபவர் என்ற அத்தனை வசைகளையும் திருமறையே பதிந்து வைத்திருக்கிறது. விடையும் அங்கேயே தரப்பட்டிருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளாகத் தொழுகையில் நின்று நாம் அவற்றை ஓதி வருகிறோம். இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் அவையில் ஒரு முஸ்லிம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நான்காம் அத்தியாயத்தின் 140ஆம் வசனம் வழி காட்டுகிறது. பேச்சு வேறு பொருளுக்கு மாறும்வரை அங்கே அமராமல் எழுந்து வந்துவிட வேண்டும், அவ்வளவே. வசைக்கவி பாடியோருக்கு எதிர்க்கவி பாட அண்ணலார் ஹஸ்ஸான் இப்னு தாபித்தை (ரலி) ஏவினார்கள். இத்தகைய மறையும் முன்மாதிரியும் உடையவர்கள் ஓர் இரும்பு வணிகரின் எழுத்துக்கு அஞ்சியதுதான் விந்தை.

கஅப் இப்னு அஷ்ரஃபின் முடிவை இங்கே எடுத்துக்காட்டுவோரை நாம் அறிவோம். பத்ருப் போருக்குப் பின் மக்கா சென்று, குறைஷியரை மதீனாவின் மீது மீண்டும் போருக்குத் தூண்டியவர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறும் மனிதர் அவர். அது போர்க்காலம், ஆணையிட்டவர் ஆட்சித் தலைவர். உக்கடத்தில் என்ன போர் நடந்தது? ஆணையிட்ட ஆட்சித் தலைவர் யார்?

பெரியாரை மீலாது மேடைகளில் ஏற்றி மாலையிட்டவர்கள் தமிழக முஸ்லிம்கள். அவர் கடவுள் மறுப்பாளர் என்பது அம்மேடைகளை அமைத்த முதியவர்களுக்குத் தெரியாததன்று.

வில்லியம் மூர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அண்ணலாரின் வாழ்வைப் பழுதுபடச் சித்திரித்து நூல் எழுதியபோது, சர் சையது அகமது கான் 1869-இல் கடன்பட்டு இலண்டன் சென்று, நூலகங்களில் அமர்ந்து, 1870-இல் மறுப்புநூல் வெளியிட்டார். லாகூரில் 1924-இல் வெளிவந்த ஓர் இழிநூலுக்கு நேர்ந்தது வேறு. அதன் பதிப்பாளர் ராஜ்பாலை 1927-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவ்வாண்டே தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. சட்டம் வந்த பின்னரும், 1929-இல் ஓர் இளைஞர் ராஜ்பாலைக் குத்திக் கொன்று தூக்குமேடை ஏறினார். மறக்கப்பட்டிருக்க வேண்டிய அச்சிறு நூலின் பெயர் ஒரு நூற்றாண்டு கழிந்தும் வாழ்கிறதென்றால், வாழவைத்தது அந்தக் கத்திதான்.

இதனால், திட்டமிட்டு அவதூறு பரப்பும் அரசியலை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஐயத்தால் மார்க்கத்தை விட்டு வாதிடுபவர் வேறு. வாக்குக்காக அண்ணலாரை இழித்துரைப்பவர் வேறு. இதே கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தில் 2021 ஜனவரி 31 அன்று பாரதிய ஜனதா கட்சியின் கல்யாணராமன் பேசிய பேச்சு இரண்டாம் வகை. புகார் எழுந்தது, அவர் கைது செய்யப்பட்டார். அவ்வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. ஆயினும், ஃபாரூக்கின் பெயரை எடுத்து நம் வாயை அடைக்க இவ்வகையாருக்கு வாய்ப்பளித்தவர்கள் நம்முள்ளேதான் இருந்தார்கள்.

அக்கொலைக்குப் பின் ஃபாரூக்கின் தந்தை, தாமும் மகனின் இயக்கத்தில் சேரப்போவதாக அறிவித்தார். அந்த முதியவரிடம் சென்று இஸ்லாத்தின் கருணையைப் பற்றிப் பேச நம் ஆலிம்களில் எவருக்கு முகம் இருக்கிறது? பள்ளிவாசல் தூணில் ஒரு கண்டன அறிக்கையை ஒட்டுவது எளிது. கேள்வி கேட்கும் இளைஞன் ஜமாஅத்தாரிடம் வந்தால், அவனை ஊர்விலக்கம் என்று மிரட்டாமல், பாயை விரித்து அமர்த்தி, ஒரு மாலைப் பொழுது முழுதும் வாதிடக்கூடிய ஆலிம் ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். நம் மதரசாக்களின் பாடத்திட்டத்தில் அதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை நிர்வாகிகள் சொல்லட்டும்.