முகம் வெளுக்கும், சிறுநீரகம் பழுதாகும்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் கசியும் ஒரே வகைக் கோளாறோடு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அரிதான வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசிவந்தவர்கள். குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால் முகம் சீக்கிரமே வெளுக்கிறது. வெளுத்ததும் ஆசை கூடி இன்னும் பூசுகிறார்கள். அதுவோ தோல்வழியே இறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. பூசியவரோடு நிற்பதுமில்லை, துண்டில் ஒட்டும், ஆவியாகும், மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் போகும்.

முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன நம் 2020 அழகுசாதன விதிகள். ஆனால் தயாரித்த ஊரோ உரிம எண்ணோ இல்லாத டப்பாக்கள் பேன்சி ஸ்டோரிலும் இணையத்திலும் தாராளமாக விற்கின்றன. வாங்கும் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் நிறத்தை எடைபோடும் வீடுகளில்தானே அவள் வளர்ந்தாள். கண்காணிக்க வேண்டியவர்கள் எங்கே? கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடைகடையாகச் சோதனை நடத்தியது. எல்லா மாநிலங்களும் அதைச் செய்ய வேண்டும், சிக்கிய கிரீம்களின் பெயர்களை வெளியிட வேண்டும். பூசுவதை நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆகவே சிறுநீர் நுரைத்தால், கால் வீங்கினால், மருத்துவரிடம் அந்த டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.