வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா? முதலில் கிராண்டைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கூலிம் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த கணவனும் மனைவியும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அண்ணனுக்கு 55 வயது முடிந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. முப்பது வருடம் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்த பணம். கோலா கெடாவில், லங்காவிக்குப் படகு ஏறும் துறைக்கு அருகில், அரை ரெலோங் நிலம் மலிவாக வருகிறதாம். வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டால் சாகும்வரை மாதாமாதம் காசு வரும் என்று ஒரு தரகர் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, திங்கட்கிழமை முன்பணம் கட்டணும். ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கிராண்ட் எங்கே என்று கேட்டேன். தரகர் கைப்பேசியில் அனுப்பிய படம்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 'ரிசாப் மெலாயு' என்று எழுதியிருக்கிறது. மலாய் ஒதுக்கீட்டு நிலம். நிலத்தின் பயன்பாடு என்ற இடத்தில் விவசாயம். தரகர் இதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்: பெயர் மாற்ற வேண்டாம், பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும், நாங்கள் 'பவர்' எழுதித் தருகிறோம்!

வாசகர்களே, அந்த பவர் காகிதத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. மலாய் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அரசியலமைப்பின் 89ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கெடாவுக்கு என்று தனி மாநிலச் சட்டமும் இருக்கிறது. அந்நிலம் நம் கைக்கு மாறாது. வேறொருவர் பெயரில் ஒளித்து வாங்கினாலும் மாறாது. பணத்தைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்தை மீறிச் செய்த ஏற்பாட்டுக்கு நீதிமன்றம் துணை வருமா? இந்தச் சட்டத்தின் நியாய அநியாயத்தை வேறொரு நாள் பேசலாம், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அண்ணனின் சேமநிதிப் பணத்தை வைத்து அந்தப் போராட்டத்தை நடத்த முடியாது.

வீடோ நிலமோ, முன்பணம் கட்டுவதற்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுங்கள். 'சாரியான்' என்று கேட்டால் தெரியும். கோலா கெடா நிலத்துக்கு அலோர் ஸ்டாரில் உள்ள கோத்தா ஸ்டார் மாவட்ட நில அலுவலகம். கட்டணம் சொற்பம். அதில் உரிமையாளர் யார், வங்கி அடமானம் இருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், மாநில அரசின் அனுமதியின்றி விற்க முடியாது என்ற கட்டுப்பாடு உண்டா, எல்லாம் தெரிந்துவிடும். மலிவு விலை வீடுகளில் இந்தக் கடைசிக் கட்டுப்பாடு அடிக்கடி இருக்கும். விவசாய நிலத்தில் நில மாற்ற அனுமதியும் நகராண்மை ஒப்புதலும் இல்லாமல் வாடகை அறைகள் கட்டினால் அவற்றை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்.

வாங்க ஒப்பந்தம் போட்ட கையோடு உங்கள் பெயரில் ஒரு கேவியட் பதியச் சொல்லுங்கள். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் நிலம் வைத்திருந்த தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் நிலத்தை, யாரோ போலிக் கையெழுத்தில் விற்றுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2010 வரை ஆனது. அந்தப் பத்து வருடம் இந்த நாட்டில் நில உரிமையாளர் எவருக்கும் நிம்மதி இல்லை.

காகிதம் காகிதம் என்று ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். நம்மவர்கள் மூன்று தலைமுறை லயத்தில் இருந்தார்கள். கோயில் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், பிணம் புதைத்தார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டபோது, தொழிலாளிக்கு வேலையும் போனது, வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்த்த பணத்தில் 1961இல் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம்தான். மற்ற தோட்டங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பினாங்கு கம்போங் புவா பாலா மக்கள் கடைசி நீதிமன்றம் வரை போனார்கள். 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. பரம்பரையாக இருந்தோம் என்ற நியாயம் கிராண்டின் முன் நிற்கவில்லை.

சரி, கிராண்டு சுத்தம், வீடும் வாங்கிவிட்டீர்கள். வாடகைக்கு விடும்போது மறுபடி வாய்ச்சொல்லா? "நம்ம ஆளுதான், நம்ம தோட்டத்துக்காரர்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறார்கள். இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, முன்பணம் எவ்வளவு, எதற்காகப் பிடிக்கலாம், யார் பழுது பார்ப்பது என்று எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்டால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்றுக்குள் என்றால் பதிய வேண்டாம், ஆனால் 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, பிறகு அபராதத்தோடு கட்டிவிட்டுத்தான் வழக்குப் பேச முடியும். சாவி கொடுக்கும் நாளில் சுவர், கழிப்பறை, மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் வாடகைக்காரர் பெயருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வாடகை வருமானத்தை வருமான வரியில் காட்ட வேண்டும். வீட்டு வரி, நில வரி, கடன் வட்டி, பழுதுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், ரசீது இருந்தால்.

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலை ஆட்களுக்கு வீடு கேட்டு ஏஜெண்டுகள் வருவார்கள். தொழிலாளர் தங்குமிடத்துக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் (446ஆவது சட்டம்) பொருந்தும். முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் கேளுங்கள். மூன்று அறை வீட்டில் முப்பது பேரை அடைக்கும் ஏஜெண்டின் வாடகை எனக்கு வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர் நம்மில் எத்தனை பேர்?

இனி என்னைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். வாடகை மூன்று மாதம் வரவில்லை என்றதும் பூட்டை மாற்றிவிடுவது, தண்ணீரை வெட்டுவது, சாமான்களை வாசலில் எறிவது. போன வருடம் ஒருவர் பெருமையாகவே சொன்னார், இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயை ஒரே இரவில் கிளப்பிவிட்டேன் என்று. இவருடைய அப்பா இருந்த லயத்தில், ஆட்கள் காலி செய்யவில்லை என்று நிர்வாகம் தண்ணீர்க் குழாயை மூடியதை இவரே எனக்கு முன்பு கண்ணீரோடு சொல்லியிருக்கிறார். அதே ஆள்!

அது சட்டப்படியும் தவறு. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950, பிரிவு 7(2): வாடகைக் காலம் முடிந்தும் ஒருவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றம் வழியாக அன்றி வீட்டை மீட்கக் கூடாது. உங்களுக்கு வழியில்லாமல் இல்லை. முதலில் எழுத்தில் நோட்டீஸ். பாக்கி வாடகைக்கு, 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, பன்னிரண்டு மாதப் பாக்கி வரை வாடகைக்காரரின் பொருளைக் கைப்பற்ற நீதிமன்ற ஆணை கேட்கலாம். காலம் முடிந்தும் இருப்பவரிடம், 1956 சிவில் சட்டம் பிரிவு 28(4)இன்படி, இரட்டை வாடகை கோரலாம். மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் முதல் மாதம் வாடகை தவறியதுமே பேச வேண்டும், மூன்றாம் மாதம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வேலை போனவர் என்றால் தவணை எழுதி வாங்குங்கள். தவணையில் வரும் பாதி வாடகை, வழக்கில் வராத முழு வாடகையைவிட மேல்.

"இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்று விளம்பரம் பார்த்து நாம் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மவர் வீட்டு வாசலிலும் "வங்காளதேசி வேண்டாம், தோட்டத்து ஆளும் வேண்டாம்" என்று கேட்டிருக்கிறேன். ஒருவருக்கு வேலை இருக்கிறதா, முன்பு இருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகக் கட்டினாரா என்று விசாரியுங்கள், அது உங்கள் உரிமை. எந்த ஆள் என்று எதற்குக் கேட்கிறீர்கள்?

அண்ணன் கோலா கெடா நிலத்துக்கு முன்பணம் கட்டவில்லை. தரகர் இரண்டு நாள் திட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினாராம். இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு பழைய ஒற்றை மாடி வரிசை வீட்டைப் பார்த்து, தானே போய் சாரியான் எடுத்து வந்திருக்கிறார். அதில் ஒரு வங்கி அடமானமும், யாரோ போட்ட ஒரு கேவியட்டும் இருக்கிறது. "யார் தம்பி இது?" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.